துருத்திக் கமராவின் கதை

நேயர்களே, பருத்தித்துறைக் கரையிலும் அயலிலுள்ள வல்வெட்டித்துறைக் கரையிலும் முன்னாளிலே பாய்க்கப்பல்கள் கட்டப்பட்டன. 1937 இல் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல், 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறைமுகத்தைச் சென்றடைந்த செய்தி உங்களிற் பலர் அறிந்ததே. அத்தகைய கப்பல்களைக் கட்டிய ஓடாவிமார் ஏட்டுக் கணக்குப் பயின்றவர் அல்லர். ஆயினும் ஒரு கணக்கு அவர்களுக்கு நன்கு தெரிந்திருந்தது. கப்பலின் வயிற்றை அகலமாக்கினால் சரக்கு அதிகம் கொள்ளும், ஓட்டம் குறையும். வயிற்றை ஒடுக்கினால் ஓட்டம் மிகும், சரக்குக் குறையும். அடியை ஆழமாக்கினால் எதிர்க்காற்றைச் சமாளிக்கும். கல் நிறைந்த நம் ஆழமற்ற கரையை அணுக மாட்டாது. எல்லாச் சிறப்பும் ஒருங்கே அமைந்த கப்பல் எந்தக் கரையிலும் கட்டப்பட்டதில்லை. எதைப் பெறுவதற்கு எதை விடுவது என்பதே ஓடாவியின் கலை.

இன்று நான் பேசப் புகுவது கப்பலைப் பற்றியன்று; புகைப்படக்காரரின் பழைய துருத்திக் கமராவைப் பற்றியே. ஆனால் அதன் வரலாற்றிலும் இதே கணக்குத்தான் முதலிலிருந்து முடிவுவரை நடக்கின்றது. அக்கணக்கை அறியாமல் நம் முன்னோரின் படங்களைப் பார்ப்போமாயின், அவர்களைப் பற்றிப் பிழையான முடிவுகளுக்கு வந்துவிடுவோம். அதனாலேயே இதனை உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

1960 களிலே, நான் சிறுவனாயிருந்தபோது, பருத்தித்துறையில் ஒரு புகைப்பட நிலையத்துக்குக் குடும்பத்தோடு சென்ற நினைவு எனக்கு உண்டு. அங்கே மூன்று கால்களின் மேல் ஒரு பெரிய மரப்பெட்டி நின்றது. அதன் முன்புறத்திலே பித்தளை வளையம் பூட்டிய கண்ணாடி. நடுவிலே ஆர்மோனியத்தின் துருத்தி போன்று மடிப்பு மடிப்பான தோல். பின்புறத்திலே ஒரு மங்கற் கண்ணாடி. புகைப்படக்காரர் கறுப்புத் துணியைத் தலைமேற் போர்த்துக்கொண்டு உள்ளே நெடுநேரம் பார்ப்பார். வெளியே வந்து அம்மம்மாவின் கதிரையைச் சற்று நகர்த்துவார். மீண்டும் உள்ளே புகுவார். எனது ஆவலைக் கண்டு ஒருமுறை என்னையும் துணிக்குள்ளே பார்க்கவிட்டார். அம்மம்மா தலைகீழாகத் தொங்கினார்! நான் அஞ்சிப் பின்வாங்கினேன். "கமராவில பிழையில்லைத் தம்பி. வெளிச்சம் நேராய்த்தான் போகும். மேலயிருந்து வாறது கீழ விழும், கீழயிருந்து வாறது மேல விழும்," என்று அவர் கூறினார். பின்னர், "ஒருத்தரும் அசையாதேங்கோ," என்ற குரல் எழுந்தது. வில்லையின் மூடியைக் கழற்றி, மனத்துள் எண்ணி, மீண்டும் மூடினார். படம் முடிந்தது.

இத்துணைப் பெரிய பெட்டி எதற்கு என்ற வினா எவருக்கும் எழும். காரணம் எளியது. தொடக்க காலத்திலே ஒரு சிறிய படத்தைப் பெரிதாக்கும் வசதி போதிய அளவு இருக்கவில்லை. கமராவினுள் வைத்த தகடு எந்த அளவோ அந்த அளவிலேயே தாளில் அச்சிடப்பட்டது. எட்டரை அங்குலப் படம் வேண்டுமாயின் எட்டரை அங்குலத் தகடும், அதற்கேற்ற பெட்டியும் வேண்டும். எட்டரைக்கு ஆறரை அங்குலத் தகட்டை முழுத்தகடு என்றும், ஆறரைக்கு நாலேமுக்கால் அங்குலத் தகட்டை அரைத்தகடு என்றும் தொழிலாளர் வழங்கினர். பெரிய தகட்டினாற் கிடைத்த பேறு பெரிது. ஒரு முழுத்தகட்டுப் படத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்கினால் சேலையின் கரையும், கதவின் செதுக்கலும், சில வேளைகளிற் கடையின் பெயர்ப்பலகை எழுத்தும் தெளிவாகத் தெரியும். ஆனால் அப்பேற்றுக்காகக் கொடுத்த விலையும் பெரிது.

அவ்விலையைத் தமிழ்நாட்டிலே செலுத்தியவருள் முதன்மையானவர் லினேயஸ் திரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி ஆவார். 1822 இல் பிறந்த இவர் 1855 இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு சென்று படம் எடுத்தவர். பின்னர்ச் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, 1857 இன் இறுதியிலும் 1858 இலும் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய இடங்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படம் பிடித்தார். அவர் கையாண்டது ஏறக்குறைய 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்ட பெருங்கமரா. அதனுள்ளே எதனை வைப்பது என்பதே அவர் முன் நின்ற வினா.

அக்காலத்தில் இரு வழிகள் இருந்தன. ஒன்று மெழுகூட்டிய தாள். மற்றையது கொலோடியன் என்னும் பசை பூசிய கண்ணாடி. கண்ணாடியிலே படம் கூர்மையாக விழும். ஒளி படவேண்டிய நேரமும் குறைவு. ஆனால் அத்தகட்டைப் படம் எடுக்குமிடத்திலேயே இருட்டறையில் ஆயத்தம் செய்து, பசை ஈரமாயிருக்கும்போதே படம் எடுத்து, ஈரம் உலருமுன்னரே கழுவி முடிக்கவேண்டும். வெயில் மிகுந்த நாட்டிலே அந்த ஈரம் சில நிமிடங்களுக்கே நிற்கும். கண்ணாடியின் பாரமும் சிறிதன்று. பத்திலொரு அங்குலத் தடிப்புள்ள 15 அங்குலத் தகடு ஒன்று ஒன்றரை இறாத்தலுக்கு மேல் நிறுக்கும். நூறு தகடுகள் ஏறக்குறைய ஒன்றரை அந்தர் ஆகும். மெழுகுத் தாளோ இலேசானது, உடையாதது, முன்கூட்டியே ஆயத்தம் செய்து கொண்டுபோகலாம், படம் எடுத்தபின் இரவில் ஆறுதலாகக் கழுவலாம். அதன் குறை யாதெனில், தாளின் நாரும் படத்தோடு சேர்ந்து பதியும், நுண்மை குறையும், ஒளி படவேண்டிய நேரம் நிமிடக் கணக்கில் நீளும்.

திரைப் தம் பெரும்படங்களிற் பெரும்பாலானவற்றுக்குத் தாளையே தேர்ந்தார். நகராத கோபுரத்துக்கும் மதிலுக்கும் நேரம் நீள்வதால் இழப்பில்லை என்பது அவர் கண்ட கணக்கு. தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின் அடித்தளத்திலே ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு மேல் நீண்ட ஒரே படமாக்கினார். கல்லெழுத்தைப் படமெழுத்தாக்கிய அருஞ்செயல் அது. ஆயினும் அக்காலத் தாள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தமையால் வானம் வெறுமையாயோ கறை படிந்தோ காணப்பட்டது. அதனைச் சீராக்க அவர் மறைப்படிவத்தின் மேலே தம் கையால் வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்தார். அப்படங்களிற் காணும் மேகங்கள் சில அன்று வானத்தில் இருந்தவை அல்ல. 1859 இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்ள்ஸ் திரெவெலியன் இம்முயற்சியை வேண்டாத செலவெனக் கருதி நிறுத்தினார்.

இலங்கையிலே கண்ணாடித் தகட்டின் துன்பத்தை ஏற்றவர் யோசப் லோட்டன் என்பவர். 1870, 1871 ஆம் ஆண்டுகளிலே அநுராதபுரம், பொலனறுவை முதலிய இடங்களின் இடிபாடுகளை அரசாங்கத்துக்காக அவர் படம் எடுத்தார். காட்டின் நடுவே இருட்டுக் கூடாரம் அடித்து, தூய நீர் தேடி, ஒவ்வொரு தகட்டையும் அங்கேயே பூசிக் கழுவினார். கற்றூண்களின் செதுக்கல் அவர் படங்களில் இன்றும் கூர்மையாக நிற்கின்றது. அவர் 1872 இல் இறந்தார்.

இதற்கு மாறான தேர்வைச் செய்தவர் யூலியா மார்கரெட் கமரோன் அம்மையார். தமது 48 ஆம் வயதிலே கமராவைக் கையிலெடுத்த இவ்வம்மையார், 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து களுத்துறையில் வாழ்ந்தார். அவரும் 15 அங்குலத் தகட்டையே கையாண்டார். ஆயினும் அவர் கூர்மையை நாடவில்லை. பெரிய தகட்டுக்கு நீண்ட குவியத்தூரமுள்ள வில்லை வேண்டும். அத்தகைய வில்லையை அகலத் திறந்து அருகில் நின்று முகத்தைப் படம் பிடித்தால், கண் தெளிவாயிருக்கக் காது மங்கிவிடும். பிறர் இதனைக் குறை என்றனர். அவரோ அந்த மங்கலையே முகத்தின் அழகுக்குத் துணையாக்கினார். இங்கே அவர் எடுத்த படங்களில் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றுட் பல, தோட்டங்களிலே உழைத்த நம் மக்களின் உருவங்கள். 1879 இல் இறந்த அவ்வம்மையார் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இனி நம் குடாநாட்டுக்கு வருவோம். 1871 டிசம்பர் 12 ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் ஒன்று தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்து சென்றது. அதனை ஆராய நோர்மன் லொக்கியர் என்னும் அறிஞரின் தலைமையில் வந்த ஆங்கிலக் குழுவினர் யாழ்ப்பாணத்திலும் ஒரு நிலையம் அமைத்தனர். அங்கே கப்டன் ஹொக் என்னும் அதிகாரி, மறைந்த சூரியனைச் சூழ்ந்து தோன்றிய ஒளிவட்டத்தைப் படம் பிடித்தார். முழு மறைவு நின்றது இரண்டு நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான நேரம் மாத்திரமே. ஈரத்தகடு ஒவ்வொன்றையும் அந்த வேளைக்கெனவே பூசி வைத்து, ஒன்றை எடுத்து மற்றொன்றைச் செருகி, உலருமுன் கழுவவேண்டியிருந்தது. இதிலே வியப்பொன்று உண்டு. அதே ஆண்டு செப்டெம்பர் மாதத்திலேதான் றிச்சர்ட் லீச் மடொக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர், ஈரம் வேண்டாத ஜெலற்றின் தகட்டைப் பற்றிய தமது முதற் குறிப்பை வெளியிட்டார். ஈரத்தகட்டின் காலம் முடிவுறும் என்பதற்கான அறிவிப்பு, யாழ்ப்பாணக் கிரகணத்துக்கு மூன்று மாதங்களின் முன்னரே அச்சேறிவிட்டது! எனினும் அது தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டுக் கடைக்கு வர மேலும் சில ஆண்டுகள் சென்றன.

உலர்ந்த தகடு வந்தபின் புகைப்படக்காரர் இருட்டுக் கூடாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. அப்போதுதான் கமராவின் வடிவம் முழுக் கவனத்தைப் பெற்றது. பழைய கமராக்கள் ஒன்றினுள் ஒன்று நுழையும் இரு பெட்டிகளாய் இருந்தன. அவை உறுதியானவை, ஆனால் மடக்க முடியாதவை. துருத்தி அவற்றின் இடத்தைப் பிடித்தது. 1857 இல் ஸ்கொத்லாந்துக்காரரான கினியர் என்பவர், முன்புறம் ஒடுங்கிப் பின்புறம் அகன்ற துருத்தியைக் கொண்ட கமராவை அமைத்தார். ஒடுங்கும் துருத்தியின் மடிப்புகள் ஒன்றினுள் ஒன்று படிந்து, பெரிய கமரா ஒரு சிலேட்டுக் கட்டைப் போல மெலிந்துவிடும். ஆனால் வில்லையை மேலே உயர்த்தும்போது அதே ஒடுங்கிய துருத்தி ஒளியை மறித்து, படத்தின் மூலையைக் கருமையாக்கும். சதுரத் துருத்திக்கு அக்குறை இல்லை. அது மடங்கும்போது தடிப்பாய் நிற்கும். பயணம் செய்பவர் ஒடுங்கியதைத் தேர்ந்தார். நிலையத்தில் இருந்து தொழில் செய்பவர் சதுரத்தைத் தேர்ந்தார்.

வில்லையை ஏன் மேலே உயர்த்தவேண்டும் என்று நீங்கள் கேட்கக்கூடும். பருத்தித்துறை வெளிச்சவீட்டையே எடுத்துக்கொள்வோம். 1916 இல் எழுப்பப்பட்ட அக்கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 105 அடி. அதிலிருந்து 200 அடி தூரத்திலே, 10 அங்குலக் குவியத்தூரமுள்ள வில்லையோடு, முழுத்தகட்டுக் கமராவை நெடுக்காக நிறுத்துகின்றோம் என்று கொள்வோம். கமரா தரையிலிருந்து 5 அடி உயரத்தில் நிற்கின்றது. அதற்கு மேலே உள்ள 100 அடிக் கோபுரம் மங்கற் கண்ணாடியிலே 5 அங்குலமாக விழும். ஆனால் கண்ணாடியின் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் உள்ள இடம் நாலேகால் அங்குலமே. ஆகவே கோபுரத்தின் உச்சி முக்கால் அங்குலம் வெட்டுண்டு போகும்.

கமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் உச்சி தெரியும். ஆனால் கோபுரம் மேலே செல்லச் செல்ல ஒடுங்கி, பின்னோக்கிச் சாய்வது போலத் தோன்றும். துருத்திக் கமராவிலோ பெட்டியை மட்டமாகவே வைத்துக்கொண்டு, வில்லை பூட்டிய பலகையை மாத்திரம் ஓர் அங்குலம் உயர்த்தினாற் போதும். உச்சியும் தெரியும், மேலே சிறிது வானமும் தெரியும், கோபுரமும் நிமிர்ந்து நிற்கும். பெட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் துருத்தியினால் மாத்திரம் இணைக்கப்பட்டிருப்பதன் பயன் இதுவே.

இப்பயனை முழுமையாக்கியவர் கேம்பிரிட்ஜ் நகரில் வாழ்ந்த பிரெடரிக் சாண்டர்சன். மரவேலையும் செதுக்குவேலையும் அறிந்த இவர் கட்டிடங்களைப் படம் எடுப்பதிலே விருப்பமுடையவர். வில்லைப் பலகையின் இரு புறமும் நீண்ட பள்ளம் வெட்டிய பித்தளைக் கைகளைப் பூட்டி, அதனை உயர்த்தவும் சாய்க்கவும் வேண்டிய இடத்தில் இறுக்கவும் வகை செய்தார். 1895 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கட்டிடம் கட்டுவோரின் தேவையை அறிந்த ஒரு மரவேலைக்காரர் செய்த அமைப்பு, உலகமெங்கும் பரவியது.

ஆயினும் இதற்கும் விலை உண்டு. வில்லையை உயர்த்தினால் அதன் ஒளிவட்டத்தின் ஓரம் தகட்டின் மேல் வரும். ஓரத்திலே ஒளியும் குறைவு, கூர்மையும் குறைவு. அதனை ஈடுசெய்ய வில்லையின் துவாரத்தைச் சிறிதாக்கவேண்டும். எட்டாம் எண்ணிலிருந்து 32 ஆம் எண்ணுக்குத் துவாரத்தை ஒடுக்கினால் ஒளி படவேண்டிய நேரம் 16 மடங்காகும். ஒரு விநாடியில் முடியவேண்டிய படம் 16 விநாடி எடுக்கும். வெளிச்சவீடு பொறுத்திருக்கும், கடற்கரைக் காற்றில் ஆடும் தென்னோலை பொறுத்திராது.

வில்லையைச் சாய்ப்பதும் அத்தகையதே. காலடியிலுள்ள மணலிலிருந்து தூரத்தில் நிற்கும் வள்ளம் வரைக்கும் எல்லாம் தெளிவாக வேண்டுமாயின், வில்லையைச் சற்றே முன்னோக்கிச் சாய்த்தால் தெளிவின் தளம் தரையோடு படிந்துவிடும். ஒஸ்திரியா நாட்டுத் தியோடர் ஷைம்ப்ஃபுளூக் என்பவர் 1904 இல் பெற்ற காப்புரிமையிலே இதன் கணிதம் விளக்கப்பட்டது. அதனால் அவ்விதிக்கு அவர் பெயரே நிலைத்தது. ஆனால் தரை முழுதும் தெளிவானபோது, அருகில் நிற்கும் பாய்மரத்தின் உச்சி மங்கிவிடும். எதைத் தெளிவாக்குவது, எதை விடுவது என்பதைக் கறுப்புத் துணிக்குள் நிற்பவர் தீர்மானிக்கவேண்டும்.

இவ்வளவும் எல்லா நாட்டுக்கும் பொதுவானவை. நம் நாட்டுக்குச் சிறப்பான துன்பங்கள் வேறும் இருந்தன. குளிர்நாட்டிலே வச்சிரத்தால் ஒட்டிய பொருத்துகள் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் விட்டுப்போயின. துருத்தியின் தோலைப் பூச்சி அரித்தது. மாரியிலே பூஞ்சணம் பிடித்தது. ஆகவே இங்கிலாந்துத் தொழிலாளர் வெப்பநாடுகளுக்கெனத் தேக்குமரத்திலே கமரா செய்து, மூலைகளுக்குப் பித்தளைத் தகடு வைத்துத் திருகாணி இறுக்கினர். பூச்சி அணுகாத வகையிற் பதனிட்ட செந்நிறத் தோலைத் துருத்திக்கு இட்டனர். இக்கமராக்கள் பார்வைக்கு அழகியவை. சாதாரணக் கமராவிலும் பாரமும் விலையும் மிக்கவை. உப்புக் காற்றிலே பித்தளை களிம்பேறும். ஆனால் இரும்பு போல உக்கிப் போகாது.

தகடு கழுவுவதும் இங்கே இலகுவாயிருக்கவில்லை. ஜெலற்றின் பசை சூடான நீரில் இளகி, கண்ணாடியை விட்டுச் சுருங்கி எழும். அதனாற் குளிர்ந்த இரவு வேளையிற் கழுவுவதும், படிகாரம் இட்டுப் பசையை இறுகச் செய்வதும் வெப்பநாட்டுத் தொழிலாளரின் வழக்கமாயின. நம் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் கடினமானது. அதிலே கழுவிய தகடு உலரும்போது வெண்புள்ளிகள் படியும். சேமித்த மழைநீரே இறுதிக் கழுவலுக்கு ஏற்றது.

வெளிநாட்டுக் கமராவையே நம்பியிருந்த நிலை மாறியதற்கு அயலிலே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கேரளத்தின் ஆலப்புழையிலே இசைக்கருவிகளைச் செய்தும் பழுதுபார்த்தும் வந்த ஒரு குடும்பத்திடம், 1940 களில் ஊர்ப் புகைப்படக்காரர் ஒருவர் தமது கமராவின் கிழிந்த துருத்தியைக் கொண்டுவந்தார். ஆர்மோனியத் துருத்தியைச் செப்பனிடத் தெரிந்தவருக்குக் கமராத் துருத்தி அயலானதன்று. அக்குடும்பத்து இளைஞரான கருணாகரன் அக்கமராவின் அமைப்பைக் கூர்ந்து கற்று, தாமே ஒரு கமராவைச் செய்தார். தேக்குமரமும் பித்தளையும் தோலும் கொண்டு செய்யப்பட்ட அக்கமரா வாகீஸ்வரி என்ற பெயரோடு இந்தியாவெங்கும் உள்ள புகைப்பட நிலையங்களுக்குச் சென்றது. பல பத்தாண்டுகள் அத்தொழில் நடந்தது. வாகீஸ்வரி புதுமைகளால் உலகை வியக்க வைத்த கமரா அன்று. ஊர்த் தச்சரும் கொல்லரும் பழுதுபார்க்கக்கூடிய கமரா அது. ஒரு சிற்றூர் நிலையத்தின் உரிமையாளருக்கு அதனினும் பெரிய சிறப்பு வேறு யாது வேண்டும்?

மேல்நாட்டிலே கமரா உலோகத்துக்கு மாறியது. ஜேர்மனியின் லின்ஹோப் நிறுவனமும், 1940 களின் பிற்பகுதியிலே சுவிற்சர்லாந்தில் கார்ல் கொக் அமைத்த சினார் என்பதும் அவ்வழியிற் புகழ்பெற்றன. சினார் கமரா ஒற்றைத் தண்டின் மேல் அமைந்தது. முன்னும் பின்னும் வேண்டியவாறெல்லாம் திருப்பலாம். உறுப்புகளை மாற்றி மாற்றிப் பூட்டலாம். ஆனால் அதனைத் தோளிலே சுமந்து கோயில் வீதிக்குச் செல்வது எளிதன்று. இதற்கிடையில், 1925 இல் விற்பனைக்கு வந்த லைக்கா கமரா, சிறிய சுருளிலே படம் எடுத்துப் பின்னர்ப் பெரிதாக்கலாம் என்ற வழியைத் திறந்துவிட்டது. நுண்மையைச் சிறிது விட்டு, விரைவைப் பெரிதும் பெற்ற மாற்றம் அது. உலகம் அந்தப் பேரத்தை ஏற்றுக்கொண்டது. துருத்திக் கமரா மெல்ல மெல்ல மூலைக்குச் சென்றது.

நேயர்களே, இக்கதையை இவ்வளவு விரிவாகக் கூறியதன் நோக்கத்துக்கு இப்போது வருகின்றேன். நம் வீடுகளிலே தொங்கும் பழைய படங்களிற் பாட்டனாரும் பாட்டியாரும் சிரிப்பதில்லை. அவர்கள் கடுமையான மனிதர்கள் என்று பேரப்பிள்ளைகள் எண்ணுகின்றனர். பல விநாடிகள் அசையாது நிற்கவேண்டியவர் சிரிப்பை நிறுத்திவைக்க இயலாது. இறுகிய முகத்தையே நிறுத்திவைக்க முடியும். பழைய கோயில் வீதிப் படங்களிலே ஆளரவமே இல்லை. வீதி வெறிச்சோடிக் கிடந்தது என்று எழுதுபவரும் உளர். நிமிடக் கணக்கிலே திறந்திருந்த கமராவில் நின்ற கல் பதிந்தது. நடந்த மனிதர் பதியவில்லை. சந்தைக்குச் சென்ற பெண்ணும் தலைச்சுமையோடு சென்ற தொழிலாளியும் அன்று அங்கேதான் இருந்தனர்.

நிறமும் அத்தகையதே. பழைய தகடு நீலத்தை உணர்ந்தது, சிவப்பை உணரவில்லை. ஆகவே நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாயிற்று. செம்பட்டுக் கூறைச் சேலை கருஞ்சேலையாயிற்று. மாநிற முகம் உள்ளதிலும் கருமையாய் விழுந்தது. எல்லா நிறத்தையும் உணரும் தகடு 1906 இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தபோது இக்குறை நீங்கியது. ஆனால் அதனைச் சிவப்பு விளக்கின் முன் வைத்துக் கழுவ முடியாது. முழு இருளிலே கைத்தடவலாகவே கழுவவேண்டும். அதனாற் பலர் பழைய தகட்டையே தொடர்ந்து பயன்படுத்தினர். ஆகவே பழைய படத்தைச் சான்றாகக் கொள்பவர், அதில் எது தெரிகின்றது என்பதோடு அதிலே தெரிய முடியாதது எது என்பதையும் கேட்கவேண்டும்.

இன்று கைத்தொலைபேசியிலே கோபுரத்தைப் படம் எடுத்து, சாய்ந்த கோட்டை விரலால் நிமிர்த்திவிடுகின்றோம். அன்று வில்லையை உயர்த்திச் செய்ததை இன்று கணிதம் செய்கின்றது. அங்கும் விலை உண்டு. படத்தின் மேற்பகுதியை இழுத்து அகலமாக்கும்போது அங்குள்ள நுண்மை குறையும். ஓரங்கள் வெட்டுண்டு போகும். பேரத்தின் வடிவம் மாறியதே தவிரப் பேரம் ஒழியவில்லை.

வடமராட்சி 1987 இலே போரைக் கண்டது. 1995 இலே வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தனர். 2004 டிசம்பர் 26 இலே ஆழிப்பேரலை பருத்தித்துறைக் கரையைத் தாக்கியது. இவ்வளவுக்கும் பின்னர் ஒரு வீட்டிலே ஒரு பழைய படமோ, ஒரு கண்ணாடித் தகடோ எஞ்சியிருக்குமாயின் அது சிறு பொருளன்று. அச்சுப்படம் மங்கியிருந்தாலும், தகட்டிலே உள்ள நுண்மை இன்னும் மங்காதிருக்கலாம். கண்ணாடித் தகடுகளை ஒன்றின் மேலொன்றாக அடுக்கவேண்டாம். அடியிலுள்ளவை பாரத்தால் உடையும். ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளுறையில் இட்டு, நீண்ட ஓரம் கீழே இருக்க நிமிர்த்தி வையுங்கள். மங்கலாய்த் தெரியும் பக்கத்திலேதான் படம் இருக்கின்றது. அதனை ஈரத் துணியால் ஒருபோதும் துடைக்கவேண்டாம். பின்னால் வெளிச்சம் வைத்து அதனை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலே இருப்பவர் பெயரையும் ஊரையும், அறிந்த மூத்தோரிடம் இன்றே கேட்டு உறையின் மேல் எழுதிவையுங்கள். பெயரை எந்தக் கமராவும் பதிவதில்லை.